முகம் தெரியும், பெயர் தெரியாது: அமெரிக்காவின் 'முதல் ஸ்டார்' ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் கதை இன்றைக்கும் ஏன் முக்கியம்?

நடித்தவரின் பெயரை வெளியே சொன்னால் சம்பளம் ஏறிவிடும் என்று சினிமா கம்பெனிகள் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவே புகழ் பெற்ற ஒரு நடிகைக்குக் கடைசியில் கிடைத்தது பெயரே இல்லாத ஒரு கல்லறை.

ஓடிடி-யில் ஒரு படம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கும். அதற்குள் அடுத்த படத்துக்குப் போகச் சொல்லும் பட்டன் வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் அதைத்தான் அழுத்துகிறார்கள். அந்தப் பட்டியலில் ஹீரோ முதல் லைட்மேன் வரை எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெயர் போடுவது சாதாரண விஷயமாகிவிட்டது. ஆனால் 1908-ல் அமெரிக்காவில் வெளியான படங்களில் ஹீரோயின் பெயரே இருக்காது. டைரக்டர் பெயரும் இருக்காது. கம்பெனியின் பெயரும் முத்திரையும் மட்டும்தான் இருக்கும்.

அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் தோன்றிய ஒரு இளம் நடிகையை அமெரிக்கா முழுக்க ரசிகர்கள் முகத்தை வைத்தே அடையாளம் கண்டார்கள். பெயர் தெரியாததால், அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயரையே அவருக்கு வைத்தார்கள்: 'பயோகிராஃப் கேர்ள்'. அவருடைய உண்மையான பெயர் ஃபுளோரன்ஸ் லாரன்ஸ். 'முதல் மூவி ஸ்டார்' என்று இன்று பல புத்தகங்கள் சொல்வது இவரைத்தான்.

இவருடைய கதையைப் பொதுவாக ஒரு விளம்பர ஸ்டன்ட் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிக் கதைதான். மீதிப் பாதி, வேலை செய்கிறவருக்கும் வேலை கொடுக்கிறவருக்கும் நடுவே பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை. ஆபீஸில் தான் செய்த வேலைக்கு வேறொருவர் பெயர் போடப்படுவதைப் பார்த்த எவருக்கும் இந்தக் கதை பழசாகத் தெரியாது.

யார் இந்த ஃபுளோரன்ஸ்?

1886 ஜனவரி 2-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஹாமில்டன் நகரில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் ஃபுளோரன்ஸ் ஆனி பிரிட்ஜ்வுட். அம்மா சார்லட் பிரிட்ஜ்வுட், மேடையில் லாட்டா லாரன்ஸ் என்ற பெயரில் நடித்தவர். சொந்தமாக ஒரு நாடகக் குழு நடத்தியவர். அம்மாவின் மேடைப் பெயர்தான் மகளுக்கும் வந்தது. நடக்கத் தெரிந்ததிலிருந்தே மேடை. 'பேபி ஃபுளோ' என்ற பெயரில் விசில் அடித்துக் கைதட்டல் வாங்கிய குழந்தை அவர்.

நாடகக் குழு கலைந்த பிறகு அம்மாவும் மகளும் நியூயார்க்கில் வேலை தேடினார்கள். 1907-ல் எடிசன் கம்பெனி எடுத்த 'டேனியல் பூன்' படத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. மகளுக்கு வாய்ப்பு வந்த காரணம், அவருக்குக் குதிரை ஓட்டத் தெரியும் என்பது. உறைய வைக்கும் குளிரில், வெட்டவெளியில் இரண்டு வாரம் ஷூட்டிங். சம்பளம் ஒரு நாளைக்கு 5 டாலர்.

பிறகு வைட்டாகிராஃப் கம்பெனி. அங்கே வாரச் சம்பளம் 20 டாலர். ஆனால் நடிப்போடு சேர்த்து உடை தைக்கும் வேலையும் அவர் தலையில்தான். 1908-ல் பயோகிராஃப் கம்பெனியில் புதிதாக டைரக்டராகியிருந்த டி.டபிள்யூ. கிரிஃபித், வைட்டாகிராஃப் படம் ஒன்றில் இவரைப் பார்த்தார். பிடித்திருந்தது. ஆனால் யார் என்று தெரியவில்லை. படத்தில் பெயர் இல்லையே! சினிமாக்காரரான அவரே சத்தமில்லாமல் விசாரித்துத்தான் அந்த நடிகையின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தையல் வேலை இல்லை, நடிப்பு மட்டும், வாரம் 25 டாலர் என்று பேசி முடித்தார்கள். 'தி கேர்ள் அண்ட் தி அவுட்லா' படத்தில் குதிரை ஏறினார் ஃபுளோரன்ஸ்.

பெயரை ஏன் மறைத்தார்கள்?

அன்றைய சினிமா வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும். 1905-ல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி அமெரிக்கா முழுக்க 'நிக்கலோடியன்' எனும் சின்னச் சின்ன தியேட்டர்கள் முளைத்தன. டிக்கெட் 5 சென்ட். ஒரு படம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். நிகழ்ச்சியை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தியேட்டர்காரருக்கு வேண்டியது புதுப் படம். அது நல்ல கம்பெனிப் படமா என்பதுதான் அவருடைய கேள்வி. ஃபிலிமை அடிக் கணக்கில் விற்ற காலம் அது. துணிக்கடையில் மில் முத்திரை பார்த்துத் துணி எடுப்பதுபோல, கம்பெனி முத்திரை பார்த்துப் படம் எடுத்தார்கள்.

1908 டிசம்பரில் எடிசன், பயோகிராஃப், வைட்டாகிராஃப், எஸ்ஸனே, லூபின், கேலம் உள்ளிட்ட பெரிய கம்பெனிகள் ஒன்றுகூடி 'மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் கம்பெனி' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. கேமரா, புரொஜெக்டர் காப்புரிமைகள் எல்லாம் இவர்கள் கையில். கச்சா ஃபிலிம் தயாரித்த ஈஸ்ட்மன் கோடாக்கும் இவர்களோடு ஒப்பந்தம் போட்டது. 'டிரஸ்ட்' என்று அழைக்கப்பட்ட இந்தக் கூட்டணிக்கு வெளியே படம் எடுப்பவர் மீது வழக்கு பாயும்.

இப்படி எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருந்தவர்களால் கட்டுப்படுத்த முடியாத ஒரே விஷயம், ரசிகர்களின் விருப்பம். ஒரு நடிகையின் பெயர் தெரிந்துவிட்டால், ரசிகர்கள் கம்பெனியை விட்டுவிட்டு அந்த நடிகையைத் தேடுவார்கள். அவர் கம்பெனி மாறினால் கூட்டமும் சேர்ந்து மாறும். அதை அவர் உணர்ந்த நாளில் சம்பளம் ஏற்றச் சொல்லிக் கேட்பார். மேடை நாடக உலகில் இது ஏற்கெனவே நடந்த கதை. அதனால்தான் சினிமா கம்பெனிகள் பல வாயைத் திறக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், மறைப்பதில் சில நடிகர்களுக்கும் விருப்பம் இருந்தது. நாடக மேடையில் பெயர் வாங்கியவர்களுக்குச் சினிமா அன்று கௌரவக் குறைச்சல். வேலை இல்லாத நாட்களில் 5 டாலருக்கு நடித்துவிட்டு, அது வெளியே தெரியாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் ஃபுளோரன்ஸ் அந்த ரகம் இல்லை. அவருக்குச் சினிமாதான் தொழில்.

கடிதங்கள் வந்தன, பதில் வரவில்லை

1908-ல் கிரிஃபித் எடுத்த சுமார் 60 படங்களில் பெரும்பாலானவற்றில் ஃபுளோரன்ஸ் இருந்தார். நியூயார்க்கின் 14-வது தெருவில் இருந்த பழைய மாளிகை ஒன்றுதான் பயோகிராஃபின் ஸ்டூடியோ. இன்று காமெடி, நாளை சோகம், அடுத்த நாள் செவ்விந்தியப் பெண் வேடம். 1909-ல் டால்ஸ்டாய் நாவலைத் தழுவிய 'ரெசரெக்ஷன்' வந்தது. ஜான் கம்ப்சனோடு சேர்ந்து அவர் நடித்த 'மிஸ்டர் ஜோன்ஸ்' காமெடிப் படங்களும் நன்றாக ஓடின. மேடையில் போல கையை வீசிக் கத்துவது மாதிரி நடித்த காலத்தில், கேமராவுக்கு எவ்வளவு போதும் என்பதைப் படத்துக்குப் படம் கற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்.

பயோகிராஃப் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. அந்தப் பெண் யார், பெயர் என்ன, அடுத்த படம் எப்போது? கம்பெனி வாய் திறக்கவில்லை. ஃபுளோரன்ஸ் என்றில்லை, 1913 வரை எந்த நடிகரின் பெயரையும் பயோகிராஃப் விளம்பரப்படுத்தவில்லை. டைரக்டர் கிரிஃபித்துக்கும் அதே கதிதான். 1913-ல் கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகு, தான் எடுத்த படங்கள் எவை என்று பட்டியல் போட்டு அவரே பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய மொழியில் சொன்னால், பழைய கம்பெனியில் செய்த புராஜெக்ட் எல்லாவற்றையும் வேலையை விட்ட பிறகுதான் புரொஃபைலில் போட முடிந்தது.

வேறு வேலை தேடியதற்கு டிஸ்மிஸ்

1908-ல் நடிகரும் டைரக்டருமான ஹாரி சோல்ட்டரை ஃபுளோரன்ஸ் திருமணம் செய்துகொண்டார். மக்கள் தங்களைத் தேடுகிறார்கள் என்று தம்பதிக்குத் தெரிந்தது. 1909-ல் சிகாகோவின் எஸ்ஸனே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஹீரோயினும் டைரக்டருமாக இருவரும் உங்களிடம் வருகிறோம், என்ன சம்பளம் தருவீர்கள் என்பதுதான் விஷயம்.

எஸ்ஸனே பதில் போடவில்லை. அதற்குப் பதிலாக விஷயத்தை பயோகிராஃப் காதில் போட்டது. இரண்டும் ஒரே டிரஸ்ட்டில் இருந்த கம்பெனிகள். அவ்வளவுதான், இருவருக்கும் வேலை போச்சு.

இந்த ஒரு சம்பவத்தில் அன்றைய தொழிலின் மொத்த லட்சணமும் தெரிகிறது. ஊழியர் வெளியே வேலை தேடுவது துரோகம். கம்பெனிகள் தங்களுக்குள் ஊழியரைப் பற்றித் தகவல் சொல்லிக்கொள்வது வியாபாரம். உன் ஆளை நான் எடுக்க மாட்டேன், என் ஆளை நீ எடுக்காதே என்ற ரகசிய உடன்பாடு இருக்கும் எந்தத் துறையிலும் சம்பளம் தானாக ஏறாது. அதற்குக் கம்ப்யூட்டர் யுகம் வர வேண்டியிருக்கவில்லை. நிக்கலோடியன் காலத்திலேயே அந்தப் பாடம் எழுதப்பட்டுவிட்டது.

'செத்துப் பிழைத்த' நடிகை

டிரஸ்ட்டுக்கு வெளியே நின்று அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கார்ல் லெம்லி. ஜெர்மனியிலிருந்து வந்தவர். துணிக்கடையில் வேலை பார்த்து, பிறகு தியேட்டர் நடத்தி, 1909-ல் 'இண்டிபெண்டன்ட் மூவிங் பிக்சர்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கியவர். சுருக்கமாக 'இம்ப்'. வேலை இழந்து நின்ற ஃபுளோரன்ஸை அவர் சேர்த்துக்கொண்டார்.

லெம்லிக்கு ஒரு சிக்கல். 'பயோகிராஃப் கேர்ள்' இப்போது தன்னிடம் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் பயோகிராஃப் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்தால் போட்டிக் கம்பெனிக்குத்தான் லாபம். அப்படியென்றால் நடிகையின் சொந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

1910 மார்ச்சில் சினிமா வியாபாரிகளின் பத்திரிகையில் இம்ப் ஒரு விளம்பரம் கொடுத்தது. மிஸ் லாரன்ஸ் டிராம் வண்டி மோதி இறந்துவிட்டதாக எதிரிகள் வதந்தி கிளப்புகிறார்கள். அது அப்பட்டமான பொய். அவர் நலமாக இருக்கிறார், இம்ப் படங்களில் தொடர்ந்து நடிக்கிறார் என்பது அதன் சாரம். அந்த வதந்தியை உண்டாக்கியதே லெம்லி தரப்புதான் என்பது சினிமா வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தானே தீயை வைத்துவிட்டு, தானே வாளியோடு ஓடி வந்த கதை.

அந்த மாதக் கடைசியில் ஃபுளோரன்ஸும் ஹீரோ கிங் பேகட்டும் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு நேரில் வந்தார்கள். 'உயிரோடு' இருக்கும் நடிகையைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. திரையில் மட்டும் பார்த்த ஒருவரை நேரில் பார்க்க இவ்வளவு பேர் வருவார்கள் என்பதே தொழிலுக்குப் புதுச் செய்தி. ஹீரோ ஏர்போர்ட்டில் இறங்கினால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடும் இன்றைய கூட்டத்துக்கு முன்னோடி அது.

அப்படியானால் அவர்தான் 'முதல் ஸ்டாரா'?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. ஒரே நாளில், ஒரே விளம்பரத்தில் ஸ்டார் சிஸ்டம் பிறந்தது என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை. உண்மை அவ்வளவு நேர்கோடு இல்லை. டிரஸ்ட்டின் உள்ளேயே எல்லாரும் பயோகிராஃப் மாதிரி பிடிவாதமாக இல்லை. எடிசன் கம்பெனி 1909-லேயே சில நடிகர்களின் பெயரை வெளியிட்டது. கேலம் கம்பெனி 1910 தொடக்கத்தில், தியேட்டர் வாசலில் மாட்டத் தன் நடிகர்களின் படங்களைப் பெயரோடு அச்சடித்துக் கொடுத்தது. 'வைட்டாகிராஃப் கேர்ள்' என்று புகழ் பெற்ற ஃபுளோரன்ஸ் டர்னரின் பெயரும் அதே 1910-ல் வெளியே வந்தது. அந்தப் பக்கம் பிரான்ஸில் காமெடி நடிகர் மேக்ஸ் லிண்டர் ஏற்கெனவே பிரபலமாகிக்கொண்டிருந்தார்.

ஆக, 'முதல்' என்ற பட்டத்தைவிட முக்கியமான விஷயம் வேறு. ஃபுளோரன்ஸின் பெயரை ரசிகர்கள் கேட்டார்கள், முதலாளி மறுத்தார். வேறொரு முதலாளி அந்தப் பெயரைக் கொடுத்தார். கொடுத்தது அவருடைய உரிமை என்பதற்காக அல்ல, தன் வியாபாரத்துக்கு அது ஆயுதம் என்பதற்காக. பெயர் வெளியே வந்தது. ஆனால் அதன் கடிவாளம் முதலாளி கையிலேயே இருந்தது. அதன் விலை என்ன என்று நான்கு வருடத்தில் தெரிந்தது.

சொந்தக் கம்பெனி, சொந்தக் காயம்

1911-ல் அவர் இம்ப்-ஐ விட்டு பிலடெல்ஃபியாவின் லூபின் கம்பெனிக்குப் போனார். ஒரு வருடத்துக்குள் 48 படங்கள். 1912-ல் லெம்லியின் பண ஆதரவோடு கணவரும் மனைவியும் 'விக்டர்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். நியூஜெர்சியின் ஃபோர்ட் லீயில் ஸ்டூடியோ. ஃபுளோரன்ஸுக்கு வாரம் 500 டாலர். நான்கு வருடம் முன்பு தையல் வேலையோடு 20 டாலர் வாங்கியவர்! ஒரு நடிகை தன் பெயரில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தையே நிறுத்த முடிந்தது, சினிமா பிறந்து இருபது வருடம் கூட ஆகாத காலத்தில். ஆனால் அதே 1912-ல் லெம்லி பல கம்பெனிகளைச் சேர்த்து யுனிவர்சலை உருவாக்கினார். விக்டரும் அதற்குள் போய்ச் சேர்ந்தது.

பிறகுதான் அந்த விபத்து. 'பான்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தில் தீ விபத்துக் காட்சி. செட்டில் வைத்த தீ கட்டுக்கு மீறியது. ஃபுளோரன்ஸுக்குத் தீக்காயம், கீழே விழுந்ததில் முதுகெலும்பிலும் பலத்த அடி. மாதக்கணக்கில் படுக்கை. மருத்துவச் செலவை யுனிவர்சல் ஏற்க மறுத்தது என்பதுதான் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருப்பது. பெயரை ஊருக்கே அறிவித்த அதே லெம்லியின் கம்பெனி அது.

1916-ல் 'எல்யூசிவ் இசபெல்' படத்தோடு திரும்பி வந்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, மறுபடி படுக்கை. அவர் ஒதுங்கியிருந்த அந்த இரண்டு மூன்று வருடங்களில் சினிமா வேறு தொழிலாக மாறியிருந்தது. பத்து நிமிடப் படங்கள் போய் முழுநீளப் படங்கள் வந்துவிட்டன. 1915-ல் நீதிமன்றம் டிரஸ்ட்டைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. ஸ்டூடியோக்கள் நியூயார்க்கை விட்டு கலிஃபோர்னியாவுக்கு நகர்ந்தன. ரசிகர்களும் மாறியிருந்தார்கள். முப்பது வயதில் அவர் 'பழைய ஆள்'.

அதே படிக்கட்டு, வேறு முடிவு

இதே ஒன்டாரியோ மாகாணத்தில், டொரான்டோவில் 1892-ல் பிறந்தவர் மேரி பிக்ஃபோர்ட். இவரும் நாடகக் குழந்தை. 1909-ல் இவரும் பயோகிராஃபில் சேர்ந்தார். ஃபுளோரன்ஸ் போன பிறகு ரசிகர்கள் இவரைத்தான் பயோகிராஃப் கேர்ள் என்றார்கள். இவரையும் லெம்லி இம்ப்-க்கு இழுத்தார். இதுவரை இரண்டு பேரும் ஏறியது ஒரே படிக்கட்டு.

ஆனால் பிக்ஃபோர்ட் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் புதிதாகப் பேரம் பேசினார். கூடவே உட்கார்ந்து கணக்குப் பார்க்க அம்மா இருந்தார். 1916-ல் அடால்ஃப் சூக்கரோடு போட்ட ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 10,000 டாலர், அதோடு லாபத்தில் பங்கு. 1919-ல் சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோரோடு சேர்ந்து 'யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' நிறுவனத்தையே தொடங்கினார். படம் எடுப்பது மட்டுமல்ல, விநியோகமும் தங்கள் கையில்.

பிக்ஃபோர்ட் கெட்டிக்காரர், ஃபுளோரன்ஸ் ஏமாளி என்று இதைச் சுருக்கிவிடலாம். அது தப்பு. ஃபுளோரன்ஸும் வேலை மாறினார், பேரம் பேசினார், கம்பெனி தொடங்கினார். எல்லாவற்றையும் அவர்தான் முதலில் செய்து பார்த்தார். முன்னால் போகிறவருக்குப் பாதையில் வெளிச்சம் இருக்காது. பின்னால் வருகிறவர் எங்கே பள்ளம் என்று பார்த்து நடக்கலாம். இன்னொன்று, பிக்ஃபோர்டின் பத்து வருட ஏற்றத்தில் அவரை முடக்கிப்போடும் விபத்து எதுவும் நடக்கவில்லை. திறமையும் சாமர்த்தியமும் மட்டுமே வெற்றிக்குக் காரணம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். செட்டில் பற்றிய தீ, வாரம் 500 டாலர் வாங்குகிறவரையும் விட்டுவைக்கவில்லை.

பெயர் எழுதாத இன்னொரு கண்டுபிடிப்பு

ஃபுளோரன்ஸுக்குக் கார் என்றால் உயிர். பெண்கள் கார் ஓட்டுவதே அரிதான காலத்தில் சொந்தக் காரைத் தானே ஓட்டினார். பழுதும் பார்ப்பார். காரின் பின்பக்கம் ஒரு கை போன்ற அமைப்பை வைத்து, பட்டனை அழுத்தினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காட்டும்படி செய்தார். பிரேக் மிதித்தால் 'ஸ்டாப்' என்ற பலகை தெரியும் இன்னொரு ஏற்பாடும் செய்தார். இன்றைய இண்டிகேட்டர், பிரேக் லைட் ஆகியவற்றுக்கு முன்னோடியான யோசனைகள் இவை. காப்புரிமை வாங்கவில்லை. மின்சாரத்தில் இயங்கும் காரின் முன்கண்ணாடித் துடைப்பானுக்கு அவருடைய அம்மா 1917-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதில் காசு பார்க்க முடியவில்லை.

இண்டிகேட்டரைக் கண்டுபிடித்தவர் ஃபுளோரன்ஸ் ஒருவரே என்று இணையத்தில் சுற்றும் பதிவுகள் மிகைதான். அதே யோசனை வேறு பலருக்கும் வந்தது. ஆனால் திரையில் நடந்ததே ரோட்டிலும் நடந்தது என்பது மட்டும் மிகை இல்லை. வேலை அவருடையது, ஆவணத்தில் பெயர் இல்லை.

வாரம் 75 டாலர்

1922-ல் 'தி அன்ஃபோல்ட்மென்ட்' படத்தில் மறுபடி முயன்றார். அது பெரிதாகப் போகவில்லை. அதன் பிறகு சின்ன வேடங்கள். இரண்டாவது கணவரோடு சேர்ந்து அழகுசாதனப் பொருள் கடை நடத்தினார். 1929-ல் அம்மா இறந்தார். அதே வருடம் பங்குச் சந்தை சரிந்து, சேர்த்து வைத்த பணமும் கரைந்தது. 1930-களின் நடுவில் எம்.ஜி.எம். ஸ்டூடியோ, மௌனப் படக் காலத்து ஸ்டார்கள் சிலருக்கு வாரம் 75 டாலர் சம்பளத்தில் துக்கடா வேடங்கள் கொடுத்தது. ஃபுளோரன்ஸும் அதில் ஒருவர். கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேடம். படத்தில் பெயர் வராது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருந்தார்.

எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் நோய், தீராத வலி, மனச்சோர்வு. 1938 டிசம்பர் 28-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 52. சுமார் 300 படங்களில் நடித்தவர். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மேலே பெயர்க் கல் வைக்கவில்லை. 1991-ல் நடிகர் ராடி மெக்டவல் தன் பெயரைச் சொல்லாமல் பணம் கொடுத்து ஒரு கல் வைக்கச் செய்தார். 53 வருடம் கழித்து வந்த டைட்டில் கார்டு அது. அதில் எழுதியிருப்பது: பயோகிராஃப் கேர்ள், முதல் மூவி ஸ்டார். கல்லிலும் பழைய கம்பெனியின் பெயர் கூடவே வந்துவிட்டது.

பெயர் மட்டும் போதுமா?

இந்தக் கதையிலிருந்து வழக்கமாக எடுக்கும் பாடம், 'உங்கள் பெயரை நீங்களே பிராண்ட் ஆக்குங்கள்' என்பது. இன்றைய கரியர் ஆலோசகர்கள் பலர் சொல்வதும் இதுதான். கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்காதே, வேலையைப் போஸ்ட் போடு, உன் முகம் தெரியட்டும். இதில் உண்மை இருக்கிறது. பெயரை மறைத்த முதலாளிகளின் கணக்கு தப்பவில்லை. பெயர் வெளியே வந்ததும் சம்பளம் நிஜமாகவே ஏறியது. 20 டாலர் நான்கு வருடத்தில் 500 ஆனது. உழைப்புக்குப் பெயர் கேட்பது ஈகோ இல்லை, அது கூலியின் ஒரு பகுதி. இதற்கு ஃபுளோரன்ஸைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் அவருடைய கதை அங்கே நிற்கவில்லை என்பதுதான் விஷயம். அவரிடம் பெயர் இருந்தது, புகழ் இருந்தது, ஊரே கூடி வந்து பார்த்தது. தீக்காயத்தோடு படுத்த அன்று அந்தப் புகழால் ஒரு மருத்துவமனை பில்லைக் கூடக் கட்ட முடியவில்லை. வேலையிடத்தில் அடிபட்டால் செலவு யாருடையது என்று காகிதத்தில் எழுதியிருக்கவில்லை. அதைக் கேட்டு வாங்க ஒரு சங்கமும் இருக்கவில்லை. அமெரிக்கத் திரை நடிகர்களின் சங்கமான ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்ட் உருவானது 1933-ல். ஸ்டூடியோக்கள் அதை ஏற்று ஒப்பந்தம் போட்டது 1937-ல். ஃபுளோரன்ஸ் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு.

ஸ்டார்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். பிக்ஃபோர்ட், சாப்ளின் மாதிரி நாலைந்து பேர் காப்பாற்றிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தனி ஆளாகக் கிடைக்கும் பேர பலம், வேலை செய்ய முடிகிற நாள் வரைக்கும்தான். உடம்பு விழுந்த மறுநாள் அந்தப் பலம் பூஜ்ஜியம். இது நடிகர்களுக்கு மட்டும் பொருந்துகிற விதி இல்லை. ஃபாலோயர் எண்ணிக்கையை நம்பி வாழும் வீடியோ கலைஞருக்கும், ரேட்டிங்கை நம்பி வாழும் ஃப்ரீலான்ஸருக்கும், பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூவை நம்பி வாழும் ஐடி ஊழியருக்கும் இதே கணக்குதான். பிளாட்ஃபாரம் இன்று பெயரை உயரத் தூக்கும். அது அன்பு இல்லை, வியாபாரம். லெம்லி செய்ததும் அதுதான்.

ஃபுளோரன்ஸின் பயோகிராஃப் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. காரணம் வேடிக்கையானது. அன்று காப்பிரைட் பதிவு செய்ய, படத்தைக் காகிதச் சுருளில் அச்சிட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கொடுப்பது வழக்கம். ஃபிலிம்கள் அழிந்தாலும் அந்தக் காகிதச் சுருள்கள் பிழைத்தன; அவற்றிலிருந்து படங்களை மீட்டார்கள். யுனிவர்சலோ தன்னிடம் மிச்சமிருந்த மௌனப் பட நெகட்டிவ்களை 1948-ல் தானே அழித்துவிட்டது. பெயர் தர மறுத்த கம்பெனி, தன் சொத்தைப் பாதுகாக்கச் செய்த பதிவுதான் அவருடைய முகத்தையும் பாதுகாத்திருக்கிறது. எழுதி வைத்தது நிற்கும். கைதட்டல் நிற்காது.

அதனால் அடுத்த அப்ரைசலில் 'இந்த வேலையில் என் பெயர் எங்கே' என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. 'எனக்கு ஏதாவது ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, கேட்பதற்கு என்னோடு யார் நிற்பார்கள்' என்பதுதான் அடுத்த கேள்வி. முதல் கேள்விக்கு ஃபுளோரன்ஸுக்கு 1910-லேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு அவர் உயிரோடு இருந்தவரை கிடைக்கவே இல்லை.